டிரிப்டோஃபேன்: உணவிலும் உடல்நலத்திலும் அதன் பங்கு

சுருக்கம்

டிரிப்டோஃபேன் என்பது புரத உணவிலிருந்து மட்டுமே நாம் பெறக்கூடிய ஓர் இன்றியமையா அமினோ அமிலம் ஆகும். உடற்புரதங்களை உருவாக்குவதற்கும், செரட்டோனின், மெலட்டோனின் ஆகிய பொருள்களைத் தயாரிப்பதற்கும், நியாசின் எனப்படும் பி3 வைட்டமினின் தேவையில் ஒரு பகுதியை நிறைவு செய்வதற்கும் இது பயன்படுகிறது. டிரிப்டோஃபேனும் நியாசினும் ஒருசேரக் குறையும்போது பெல்லாக்ரா என்னும் நோய் ஏற்படுகிறது. இந்நோய் உரிய காலத்தில் கண்டறியப்பட்டால் எளிய மாத்திரைகளாலும் நல்ல உணவாலும் குணமாகும். கண்டறியப்படாவிடில் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும். பெரம்பலூர் மாவட்டம் ரஞ்சன்குடி போன்ற மானாவாரி வேளாண் பகுதிகளில் வாழ்வோர், தம் வட்டார உணவுப் பழக்கத்தோடு பொருத்திப் பார்த்து இதனை அறிந்துகொள்வதற்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது.

டிரிப்டோஃபேன் என்றால் என்ன?

நாம் உண்ணும் பருப்பு, பால், முட்டை, மீன் முதலியவற்றிலுள்ள புரதம், செரிமானத்தின்போது அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. புரதங்களை ஆக்கும் இருபது அமினோ அமிலங்களுள் ஒன்பதை மனித உடலால் போதிய அளவில் தயாரித்துக்கொள்ள இயலாது. அவற்றை இன்றியமையா அமினோ அமிலங்கள் என்கிறோம். டிரிப்டோஃபேன் அவற்றுள் ஒன்று. பெரும்பாலான உணவுப் புரதங்களில் இதன் அளவு நூற்றுக்கு ஒரு பங்கு அல்லது அதைச் சற்றே ஒட்டியதாகும். ஆகவே, உணவில் புரதம் குறையும்போது முதலில் பற்றாக்குறை ஏற்படும் அமினோ அமிலங்களுள் இதுவும் இடம்பெறுகிறது.

1901ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபிரெடரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ், சிட்னி கோல் ஆகிய இருவரும் பாலின் புரதமான கேசினிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். மக்காச்சோளத்தின் முதன்மைப் புரதத்தை மட்டுமே புரதமாகக் கொடுத்து வளர்க்கப்பட்ட எலிகள் நீண்ட நாள் வாழவில்லை என்பதும், அதனுடன் டிரிப்டோஃபேனைச் சேர்த்தபோது கூடுதல் நாள்கள் வாழ்ந்தன என்பதும் 1906ஆம் ஆண்டில் ஹாப்கின்ஸ் குழுவினரால் காட்டப்பட்டன. உண்ணும் புரதத்தின் அளவு மட்டுமன்றி அதன் தரமும் முக்கியம் என்பதை இச்சோதனை உணர்த்தியது.

உடலில் இதன் பணிகள்

• புரத ஆக்கம்: தசை, நொதிகள், குருதிப் புரதங்கள் ஆகியவற்றை உருவாக்கவும் புதுப்பிக்கவும் டிரிப்டோஃபேன் தேவைப்படுகிறது.

• நியாசின் ஆக்கம்: புரத ஆக்கத்துக்குப் போக எஞ்சும் டிரிப்டோஃபேனில் பெரும்பகுதி, கல்லீரலில் கைனுரெனின் வழித்தடம் எனப்படும் வேதி மாற்றங்களுக்கு உட்படுகிறது. இதன் இறுதியில், செல்கள் ஆற்றலைப் பெறுவதற்கு இன்றியமையாத என்.ஏ.டி. என்னும் பொருள் கிடைக்கிறது. இப்பொருளை உடல் நியாசினிலிருந்தும் தயாரிக்கிறது. ஏறத்தாழ 60 மில்லிகிராம் டிரிப்டோஃபேன், 1 மில்லிகிராம் நியாசினுக்கு ஈடாகக் கணக்கிடப்படுகிறது. இம்மாற்றம் நடைபெற பி6, பி2 வைட்டமின்களும் இரும்புச் சத்தும் தேவை.

• செரட்டோனின் ஆக்கம்: மனநிலை, பசி, வலியுணர்வு, குடல் இயக்கம் ஆகியவற்றில் பங்குகொள்ளும் செரட்டோனின், டிரிப்டோஃபேனிலிருந்தே உருவாகிறது. உடலிலுள்ள செரட்டோனினில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் உள்ளது. குடலில் உருவாகும் செரட்டோனின் மூளைக்குள் செல்வதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

• மெலட்டோனின் ஆக்கம்: இருள் சூழ்ந்ததும் மூளையிலுள்ள பினியல் சுரப்பி செரட்டோனினை மெலட்டோனினாக மாற்றுகிறது. உறக்கத்துக்கும் விழிப்புக்குமான நேர ஒழுங்கை இது உடலுக்கு உணர்த்துகிறது.

நாள்தோறும் எவ்வளவு தேவை?

உலக சுகாதார நிறுவனமும் பிற ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரையின்படி, வயது வந்தோருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் டிரிப்டோஃபேன் தேவைப்படுகிறது. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு இது 240 மில்லிகிராம் ஆகும். வளரும் குழந்தைகளுக்கும், கருவுற்ற தாய்மார்களுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் தேவை கூடுதலாக இருக்கும்.

சில உணவுகளிலிருந்து கிடைக்கும் தோராயமான அளவு வருமாறு:

• ஒரு கோழி முட்டை: 70 முதல் 80 மில்லிகிராம்
• ஒரு குவளை (200 மில்லிலிட்டர்) பால்: 80 முதல் 90 மில்லிகிராம்
• ஒரு கைப்பிடி (30 கிராம்) நிலக்கடலை: 70 முதல் 80 மில்லிகிராம்
• 50 கிராம் துவரம்பருப்பு: ஏறத்தாழ 100 மில்லிகிராம்
• 100 கிராம் மக்காச்சோளம்: ஏறத்தாழ 60 மில்லிகிராம்

மீன், கருவாடு, கோழி இறைச்சி, எள், சோயா, கொண்டைக்கடலை, பாசிப்பயறு ஆகியனவும் நல்ல மூலங்களே. பருப்பும் பாலும் அன்றாடம் இடம்பெறும் கலப்பு உணவை வயிறார உண்போருக்குப் பற்றாக்குறை ஏற்படுவது அரிது.

பெல்லாக்ரா: பற்றாக்குறையால் விளையும் நோய்

1735ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் காஸ்பர் காசல், மக்காச்சோளத்தையே பெரிதும் உண்டு வாழ்ந்த ஏழை உழவர்களிடையே ஒரு தோல் நோயைக் கண்டு விவரித்தார். பின்னர் இத்தாலியில் அந்நோய்க்குப் பெல்லாக்ரா என்னும் பெயர் நிலைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்நோய் பெருமளவில் பரவியபோது, இது தொற்றுநோய் என்றே பலரும் கருதினர். மருத்துவர் ஜோசஃப் கோல்ட்பெர்கர், அனாதை இல்லக் குழந்தைகளின் உணவில் பால், முட்டை, இறைச்சி, பயறு வகைகளைச் சேர்க்கச் செய்தார், நோய் மறைந்தது. நோய்க்குக் காரணம் கிருமியன்று, குறையுள்ள உணவே என்று அவர் நிறுவினார்.

1937ஆம் ஆண்டில் கான்ராட் எல்விஜெம் நியாசினே நோயைத் தடுக்கும் பொருள் எனக் கண்டறிந்தார். ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியது. பாலிலும் முட்டையிலும் நியாசின் மிகக் குறைவு. எனினும் அவை நோயைத் தடுத்தன. 1945ஆம் ஆண்டில் இதற்கு விடை கிடைத்தது. அவ்வுணவுகளிலுள்ள டிரிப்டோஃபேனை உடல் நியாசினாக மாற்றிக்கொள்கிறது என்பதே அவ்விடை. மக்காச்சோளத்தில் டிரிப்டோஃபேன் குறைவாக இருப்பதோடு, அதிலுள்ள நியாசினும் உடல் எளிதில் ஈர்த்துக்கொள்ள இயலாதவாறு பிணைந்துள்ளது. மெக்சிகோ மக்கள் பண்டுதொட்டு மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துப் பின் அரைத்து உண்கின்றனர். இம்முறை பிணைந்த நியாசினை விடுவிக்கிறது. ஐரோப்பாவுக்குத் தானியம் சென்றபோது இச்சமையல் முறை உடன் செல்லவில்லை.

இந்தியாவில் சோளமும் பெல்லாக்ராவும்

நம் நாட்டில் இந்நோய் தக்காணப் பீடபூமியில் சோளத்தை முதன்மை உணவாகக் கொண்ட ஏழை மக்களிடையே காணப்பட்டது. சோளத்தில் மக்காச்சோளத்தைப் போல டிரிப்டோஃபேன் மிகக் குறைவாக இல்லை. பிறகு ஏன் நோய் வந்தது என்னும் கேள்வியை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன் (1918–2019). குன்னூரில் இயங்கிவந்து 1958ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்ட ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் (இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்) அவர் பணியாற்றினார்.

1960ஆம் ஆண்டில் அவரும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தையாவும், சோளத்தில் மிகுந்துள்ள லூசின் என்னும் மற்றோர் அமினோ அமிலம், டிரிப்டோஃபேனையும் நியாசினையும் உடல் பயன்படுத்துவதில் குறுக்கிடுகிறது என்ற கருத்தை வெளியிட்டனர். இக்கருத்தின் எல்லாக் கூறுகளும் பிற ஆய்வாளர்களால் முழுமையாக ஏற்கப்படவில்லை. எனினும், ஒரே தானியத்தை மட்டும் நம்பி, உடன் பருப்போ பாலோ இன்றி வாழ்வதே ஆபத்து என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

ரஞ்சன்குடிப் பகுதி உணவும் டிரிப்டோஃபேனும்

ரஞ்சன்குடிக் கோட்டையைச் சுற்றியுள்ள நிலங்கள் பெரும்பாலும் மழையை நம்பியவை. முன்பு சோளமும் கம்பும் கேழ்வரகும் வரகும் விளைந்த இப்பகுதியில் இன்று மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் பெருமளவில் பயிரிடப்படுகின்றன. தமிழ்நாட்டில் மக்காச்சோளம் மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் பெரம்பலூரும் ஒன்று. ஆனால், இங்கு விளையும் மக்காச்சோளம் மக்களின் அன்றாட உணவாக இல்லை. பெரும்பகுதி கோழித் தீவனத்துக்கே செல்கிறது. டிரிப்டோஃபேன் குறைந்த அத்தானியம், சோயாப் புண்ணாக்கு முதலிய புரதத் தீவனங்களுடன் சேர்ந்து, டிரிப்டோஃபேன் செறிந்த முட்டையாக நமக்குத் திரும்பி வருகிறது. அரசுப் பள்ளிகளின் சத்துணவில் பள்ளி நாள்தோறும் வழங்கப்படும் முட்டை, வளரும் குழந்தைகளுக்கு முக்கியமான புரத மூலமாகும். ஆகவே, குழந்தைகள் அதனைத் தவறாமல் உண்பதைப் பெற்றோர் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

சோளக்களி, கம்பங்கூழ் போன்ற சிறுதானிய உணவுகளைத் தவிர்க்கவேண்டியதில்லை. அவற்றில் நார்ச்சத்தும் தாதுக்களும் உள்ளன. கம்பங்கூழுடன் மோர், களியுடன் பருப்புக் குழம்பு அல்லது கருவாட்டுக் குழம்பு, சோளச்சோற்றுடன் கடலைத் துவையல் அல்லது எள்ளுத் துவையல் எனத் துணை உணவைச் சேர்த்து உண்ணும் நம் முன்னோர் வழக்கம், தானியத்தின் குறையைப் பருப்பும் பாலும் ஈடுசெய்யும் நல்ல முறையாகும். வறட்சியிலோ வறுமையிலோ முதலில் தட்டிலிருந்து மறைவது இத்துணை உணவே. வெறும் கூழையும் ஊறுகாயையும் மட்டும் உண்டு நாள்களைக் கழிக்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நிலக்கடலையில் டிரிப்டோஃபேன், நியாசின் ஆகிய இரண்டும் உள்ளமையால், குறைந்த செலவில் கிடைக்கும் சிறந்த துணை உணவாக அதனைக் கொள்ளலாம்.

மக்காச்சோளத்திலேயே டிரிப்டோஃபேனையும் லைசினையும் கூட்டும் முயற்சியும் நடைபெற்றுள்ளது. தரமிகு புரத மக்காச்சோளம் எனப்படும் இவ்வகையை உருவாக்கியமைக்காக இந்திய அறிவியலாளர் சுரிந்தர் வாசலும் மெக்சிகோவின் எவாஞ்செலினா வில்லேகாசும் 2000ஆம் ஆண்டுக்கான உலக உணவுப் பரிசைப் பெற்றனர்.

இன்று யாருக்குப் பெல்லாக்ரா வரக்கூடும்?

தானியத்தை மட்டும் உண்பதால் வரும் பெல்லாக்ரா இன்று குறைந்துவிட்டது. ஆயினும் கீழ்க்காணும் நிலைகளில் இந்நோய் ஏற்படக்கூடும்.

• நெடுநாள் மதுப்பழக்கம் உள்ளவர்கள்: உணவு குறைவதாலும் குடலின் ஈர்ப்புத் திறன் குறைவதாலும் பற்றாக்குறை ஏற்படுகிறது.

• காசநோய்க்காக ஐசோநியாசிட் மருந்து உட்கொள்பவர்கள்: இம்மருந்து பி6 வைட்டமினின் செயலைத் தடுப்பதால், டிரிப்டோஃபேன் நியாசினாக மாறுவது குறைகிறது. இதனாலேயே மருத்துவர்கள் பி6 மாத்திரையையும் (பைரிடாக்சின்) உடன் பரிந்துரைக்கின்றனர்.

• தனித்து வாழும் முதியோர், நாள்பட்ட வயிற்றுப்போக்கு உள்ளவர்கள், குடல் அறுவை மருத்துவம் செய்துகொண்டவர்கள்.

• கார்சினாய்டு கட்டி உள்ளவர்கள்: கட்டி டிரிப்டோஃபேனைச் செரட்டோனின் தயாரிக்கவே செலவிட்டுவிடுகிறது.

• ஹார்ட்நப் நோய் என்னும் அரிய மரபுவழிக் குறைபாடு உள்ள குழந்தைகள்: இவர்களின் குடலும் சிறுநீரகமும் டிரிப்டோஃபேனைச் சரிவர ஈர்ப்பதில்லை.

அறிகுறிகளை அறிந்துகொள்வது எவ்வாறு?

தோல்: வெயில் படும் இடங்களில், அதாவது புறங்கைகள், முன்கைகள், பாதங்கள், முகம், கழுத்து ஆகியவற்றில் முதலில் வெயிலால் கன்றியது போன்ற சிவப்பு தோன்றும். பின்னர் தோல் கறுத்துத் தடித்து உரியும். இம்மாற்றம் இரு கைகளிலும் அல்லது இரு கால்களிலும் ஒரே மாதிரியாக இருக்கும். கழுத்தைச் சுற்றி மாலை அணிந்தது போன்ற பட்டை தெரியலாம்.

செரிமானம்: வயிற்றுப்போக்கு, பசியின்மை, வாய்ப்புண், சிவந்து எரியும் நாக்கு.

நரம்பும் மனமும்: உறக்கமின்மை, எரிச்சல், மனச்சோர்வு, மறதி, முற்றிய நிலையில் குழப்பம், பிதற்றல், நினைவிழப்பு.

பருத்தி எடுப்பு, களை வெட்டு, வெங்காய அறுவடை என நாள் முழுவதும் வெயிலில் உழைப்போரிடம் இத்தோல் மாற்றம் தோன்றினால், அதனை வெயிலின் விளைவு என்றோ பூச்சிமருந்து ஒவ்வாமை என்றோ கருதிவிட வாய்ப்புண்டு. தோல் மாற்றத்துடன் வயிற்றுப்போக்கோ மனக்குழப்பமோ சேர்ந்திருந்தால் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மதுப்பழக்கம் உள்ளவர்களுக்குத் தோல் மாற்றம் இன்றியும் மனக்குழப்பம் மட்டும் தோன்றக்கூடும். அதனைப் போதை என்று எண்ணி விட்டுவிடக் கூடாது.

மருத்துவம்

பெல்லாக்ராவுக்கு நிக்கோட்டினமைடு எனப்படும் நியாசின் வகை மாத்திரை கொடுக்கப்படுகிறது. அளவையும் காலத்தையும் மருத்துவரே முடிவு செய்வார். வாய்ப்புண்ணும் மனக்குழப்பமும் பெரும்பாலும் சில நாள்களிலேயே குறையத் தொடங்கும்; தோல் சீராகச் சில வாரங்கள் ஆகும். பிற பி வகை வைட்டமின்களும் புரதம் மிகுந்த உணவும் சேர்த்தே வழங்கப்படும். குணமாகும்வரை வெயில் படாமல் முழுக்கைச் சட்டை அணிவது நல்லது.

காசநோய் மருந்து உட்கொள்பவருக்கு இவ்வறிகுறிகள் தோன்றினாலும் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. இடையில் நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் உருவாகும் ஆபத்து உண்டு. உடனே காசநோய்ப் பிரிவு மருத்துவரை அணுகி, உரிய மாற்றத்தைப் பெறவேண்டும். காசநோயாளிகளின் உணவுச் செலவுக்காக நிக்சய் போஷண் திட்டத்தின்கீழ் 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. இத்தொகையை முட்டை, பால், பருப்பு, நிலக்கடலை ஆகியவற்றுக்குப் பயன்படுத்துவது நோயாளிக்குப் பெரிதும் துணைபுரியும்.

உறக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் டிரிப்டோஃபேன் மாத்திரை உட்கொள்ளலாமா?

செரட்டோனின் இதிலிருந்து உருவாவதால், டிரிப்டோஃபேன் உட்கொண்டால் மனச்சோர்வு நீங்கும், நல்ல உறக்கம் வரும் என்னும் விளம்பரங்கள் காணப்படுகின்றன. உண்மை அவ்வளவு எளிதன்று. டிரிப்டோஃபேன் மூளைக்குள் நுழைவதற்கு வேறு சில அமினோ அமிலங்களுடன் போட்டியிட வேண்டியுள்ளது. புரத உணவில் அவை டிரிப்டோஃபேனைவிட மிகுதியாக உள்ளன. ஆகவே, புரதம் மிகுதியாக உண்பதால் மட்டும் மூளையில் செரட்டோனின் பெருகிவிடுவதில்லை. இரவில் இளஞ்சூடான பால் அருந்துவது பெரும்பாலோருக்குத் தீங்கற்ற நல்ல பழக்கமே. ஆனால் அது உறக்கமின்மைக்கு மருந்தாகாது. மனச்சோர்வுக்கு மருத்துவரின் சிகிச்சைக்கு மாற்றாக டிரிப்டோஃபேனைக் கருதக் கூடாது.

மாத்திரைகளால் தீங்கும் நேரக்கூடும். 1989ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டிரிப்டோஃபேன் மாத்திரைகளை உட்கொண்ட 1,500க்கும் மேற்பட்டோர் கடும் தசைவலியுடன் கூடிய நோய்க்கு ஆளாயினர். முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தயாரிப்பின்போது கலந்த மாசுகளே முதன்மைக் காரணம் எனக் கருதப்படுகிறது.

மேலும், மனச்சோர்வுக்கான ஃபுளூவாக்செட்டின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகள், வலிக்கான டிரமடால், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு அளிக்கப்படும் லினசோலிட் ஆகியவற்றை உட்கொள்பவர்கள் டிரிப்டோஃபேன் மாத்திரைகளையும் சேர்த்து உட்கொண்டால், செரட்டோனின் அளவுக்கு மீறிச் செயல்படும் நிலை உண்டாகலாம். உடல் நடுக்கம், மிகுந்த வியர்வை, காய்ச்சல், படபடப்பு, தசை இறுக்கம், குழப்பம் ஆகியன அதன் அறிகுறிகள். இது அவசர நிலையாகும். இயல்பான உணவிலுள்ள டிரிப்டோஃபேனால் இத்தகைய ஆபத்து ஏற்படுவதில்லை. ஆகவே, இம்மருந்துகளை உட்கொள்பவர்கள் பாலையோ முட்டையையோ தவிர்க்கவேண்டியதில்லை.

பராமரிப்பாளர்கள் கவனிக்க வேண்டியவை

• நாள்தோறும் குறைந்தது இரு வேளை உணவில் பருப்பு, பயறு, பால், மோர், முட்டை, மீன், நிலக்கடலை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருக்கட்டும்.
• பல் இல்லாத முதியோருக்கு வேகவைத்து மசித்த பருப்பு, முட்டை, கடலைத் துவையல் ஆகியவற்றைக் கொடுக்கலாம்.
• சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரதத்தின் அளவை மருத்துவரின் அறிவுரைப்படியே கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.
• நிலக்கடலையில் பூஞ்சை பிடித்திருந்தால் பயன்படுத்தக் கூடாது.
• நோயாளி உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், கடையில் தாமாக வாங்கிய சத்து மாத்திரைகளையும் மருத்துவரிடம் காட்டவும்.
• நெடுநாள் மது அருந்தியவர் திடீரென நிறுத்தும்போது வலிப்பும் குழப்பமும் வரக்கூடும். மருத்துவ மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பானது.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

வெயில் படும் இடங்களில் இருபுறமும் ஒரே மாதிரியான தோல் மாற்றம், இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு அல்லது வாய்ப்புண், காரணம் புலப்படாத மறதி அல்லது மனச்சோர்வு ஆகியவை இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். குழப்பம், பிதற்றல், வலிப்பு, நினைவிழப்பு ஆகியவை தோன்றினால் 108 அவசர ஊர்தியை அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். உடல்நல ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணையும் கட்டணமின்றித் தொடர்புகொள்ளலாம்.

இப்பக்கத்திலுள்ள செய்திகள் பொது அறிவுக்கானவை. நோயை உறுதிசெய்வதும் மருந்தின் அளவை முடிவுசெய்வதும் நோயாளியை நேரில் ஆய்வு செய்யும் மருத்துவரின் பொறுப்பாகும்.